மூடியிருக்கும் அடுப்பில் தீ என்ன செய்கிறது

1

இன்று இங்கே முழுத் தீத்தடை நாள். வடக்கே பாலைவனப் பக்கமிருந்து சுடுகாற்று வீசினால் மெல்பர்னில் இப்படி ஒரு நாளை அறிவித்துவிடுவார்கள். காலையிலேயே கைபேசி அலறியது. வெட்டவெளியில் விறகோ கரியோ பற்றவைக்கக் கூடாது. மீறினால் அபராதம், வழக்கு. சொந்த ஊரான போடிக்குப் போன் பேசும்போது லட்சுமி மதினியிடம் இதைச் சொன்னேன். மதினி என் அண்ணன் தவமணியின் மனைவி.

“அடுப்புப் பத்தவைக்கக் கூடாதுன்னு கவர்மெண்டே சொல்லுதா? அப்பச் சோத்துக்கு என்ன செய்வீக?”

“வீட்டுக்குள்ள கேஸ் அடுப்பு எரியலாம் மதினி. வெளிய கரி அடுப்புத்தான் கூடாது.”

“ஒங்க ஊருச் சட்டம் ஒண்ணும் வெளங்கல ஆத்தா” என்று சொல்லிவிட்டு மதினி வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

எனக்குத்தான் மனது அதிலேயே நின்றது. எங்கள் வீட்டுக் கொல்லையில் அந்தக் கரி அடுப்பு சும்மா நிற்கிறது. நாங்கள் எல்லோரும் போடிக்குப் போய்வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அடுப்பைப் பற்றவைக்க முடியாத நாளில் அதைப் பற்றி எழுதவாவது செய்யலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அது மண்ணைச் சுட்டுச் செய்த அடுப்பு. பீங்கான் என்று இங்கே சொல்கிறார்கள், ஆனால் சுவர் நான்கு விரல் கனம். குதிர் ஒன்றைச் சின்னதாக்கி, இடுப்பில் வெட்டி, மேல்பாதிக்குக் கீல் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. அடியில் காற்று நுழைய ஒரு சிறு கதவு. உச்சியில் புகை போக ஒரு திருகு மூடி. நெற்றியில் பொட்டு வைத்ததுபோல் சூடு காட்டும் ஒரு முள். தூக்குவதற்கு மூன்று ஆள் வேண்டும்.

அதைக் கொண்டுவந்தவன் என் மகன் முகிலன். பொறியியல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, நெருப்பில் சுட்டுச் சமைக்கும் ஓர் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்த அதே மாதம், யாரோ வீடு மாறும்போது விற்றதை வாங்கி, நண்பனின் வண்டியில் ஏற்றிவந்தான். என் கணவர் செல்வராஜ் சன்னல் வழியாகப் பார்த்தார்.

“படிச்சது போதும்னு கரி அள்ள வந்துட்டானாக்கும்” என்றார். அதற்கப்புறம் இருவருக்கும் நேர்ப்பேச்சு நின்றுபோனது. “அவனைச் சாப்பிடச் சொல்லு.” “அப்பாகிட்ட கார் சாவி கேளுங்கம்மா.” எல்லாம் என் வழியாகத்தான்.

2

அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. ராசிங்காபுரத்து விவசாயக் குடும்பத்தில் முதலில் டிப்ளமோ முடித்தவர் அவர். மின்சாரப் பிரிவு. அந்தச் சான்றிதழை இந்த நாட்டில் ஏற்கவில்லை. மறுபடி படி, மறுபடி தேர்வு எழுது என்று அலையவிட்டார்கள். வீட்டு வாடகை காத்திருக்காதே. இறைச்சியும் ஐஸ்கிரீமும் அடுக்கிவைக்கும் குளிர்கிடங்கில் சரக்கு ஏற்றும் வேலைக்குப் போனார். இன்றும் அங்கேதான். முதுகும் முட்டியும் போய்விட்டன. மகன் உட்கார்ந்து பார்க்கிற வேலையில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் தனக்கென்று எதையும் கேட்டதில்லை.

நான் வேலை பார்ப்பது ஓர் ஆஸ்பத்திரியில், அறுவைக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் பிரிவில். நாள் முழுக்க முள்ளைப் பார்ப்பதுதான் என் சோலி. அதனாலோ என்னவோ, அந்த அடுப்பின் முள்ளும் என்னை இழுத்தது. இன்னொரு காரணமும் உண்டு. முகிலன் வீட்டில் எதைக் கேட்டாலும் ‘ம்’ என்பான். வேலை எப்படி? ம். அங்கே சாப்பிட்டாயா? ம். அடுப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறந்தான். எனவே கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“ஏன் பெரிய கரியா அடியில வைக்கிறே?”

“சின்னது போட்டா ஓட்டை அடைஞ்சிரும்மா. காத்து வராது.”

“மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊத்தினா வெரசாப் பிடிக்குமே?”

“ஐயோ, இந்தச் சுவர் அதைக் குடிச்சிரும். அப்புறம் எத்தனை தடவை சமைச்சாலும் அதே வாசம்.”

“ஏன் ஒரே இடத்துல மட்டும் பத்தவைக்கிறே? நாலு பக்கமும் வைக்கலாமே?”

இந்தக் கேள்வி அவனுக்குப் பிடித்துவிட்டது. உட்கார்ந்து விளக்கினான். நாலு பக்கமும் வைத்தால் எல்லாக் கரியும் ஒன்றாகப் பிடித்து முள் சரசரவென்று ஏறிவிடும். ஏறினால் இறக்குவது பெரும்பாடு; சுவர் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், விடாது. அதனால் நடுவில் ஒரே ஓர் இடத்தில் பற்றவைத்து, மூடி, வேண்டிய சூடு வருவதற்கு முன்பே கதவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டு வர வேண்டும். முதலில் வரும் வெள்ளைப் புகை கசக்கும். அது மெலிந்து, நீலமா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஆன பிறகுதான் இறைச்சியை வைக்கலாம்.

எனக்கு இதில் ஆச்சரியம், இந்த அடுப்பில் தீயை யாரும் தொடுவதில்லை என்பதுதான். ஊதுவதில்லை, விறகைத் தள்ளுவதில்லை, இழுப்பதில்லை. காற்றை மட்டும்தான் கொடுக்கிறார்கள், குறைக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது. சமைத்து முடித்ததும் மேலும் கீழும் சாத்திவிட்டால் தீ செத்துப்போகும். மிச்சக் கரி அப்படியே அடுத்த முறைக்கு இருக்கும்.

“கரி தீராம தீ மட்டும் எப்படிடா அணையுது?” என்று கேட்டேன்.

“தீக்குக் கரி மட்டும் போதாதும்மா” என்றான்.

இவனோடு இவ்வளவு நீளமாகப் பேசி எவ்வளவு காலமாயிற்று என்று அப்போது நினைத்துக்கொண்டேன். என் கணவர் உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

3

போடிமெட்டுப் பக்கம் அண்ணனுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. காய்க்கு விலை இருக்கும்போது இருக்கும், இல்லாதபோது இல்லை என்பதால், தோட்டத்து வீட்டில் சுற்றுலாக்காரர்களுக்கு அறை விட ஆரம்பித்திருந்தார். மூணாறு பக்கம் ஒரு விடுதியை மூடும்போது பொருட்களை மலிவாகக் கொடுத்தார்கள் என்று கட்டிலும் மெத்தையும் வாங்கப் போனவர், கூடவே ஒரு பீங்கான் அடுப்பையும் ஜீப்பில் ஏற்றிவந்துவிட்டார். வீடியோவில் காட்டினார். எங்கள் கொல்லையில் இருக்கும் அதே ஜாதி.

“வர்ற கெஸ்ட்டெல்லாம் கேக்குறாங்க. நான் பத்தவச்சா ஒண்ணு அணையுது, இல்ல கோழி கரிக்கட்டை ஆகுது. மருமகன அனுப்பு தாயி, வந்து காமிக்கட்டும்” என்றார்.

முகிலன் உடனே சரி என்றான். போடிக்கு வா என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கெஞ்சியும் வராதவன். என் கணவரும் கிளம்பினார். அவர் கணக்கு வேறு: மாமன்காரன் நேரில் நாலு வார்த்தை எடுத்துச் சொன்னால் பையன் மறுபடி கல்லூரிக்குப் போவான்.

முகிலன் இங்கே பிறந்தவன் என்பதால் அவனுக்கு விசா வேண்டும். அந்த விண்ணப்பம் அம்மா பிறந்த ஊரைக் கேட்கிறது. போடிநாயக்கனூரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு ‘கே’யா இரண்டா? என் பாஸ்போர்ட்டில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் இரண்டு. இரண்டும் ஒரே ஊர்தான் என்று அலுவலகத்தில் சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படிக்க முயன்று, பாதியில் நிறுத்தி, சிரித்துவிட்டு முத்திரை குத்தினாள்.

தொழில் என்ற கட்டத்தில் முகிலன் ‘சமையல்காரர்’ என்று நிரப்பியிருந்தான். என் கணவர் சரிபார்க்கிறேன் என்று வாங்கி, அதை ‘மாணவர்’ என்று மாற்றிவிட்டார். முகிலன் அதைப் பார்த்தான். விமானத்தில் எங்களுக்கு நான்கு வரிசை பின்னால் இடம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

4

கிளம்புவதற்கு முன் முகிலன் அவனாகவே, என்னிடம் கேட்காமல், மாமாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். அவன் தமிழில் அனுப்பிய முதல் செய்தி அதுவாகத்தான் இருக்க வேண்டும். போடியில் பஸ்சை விட்டு இறங்கி, முந்தல் தாண்டி, வளைவு வளைவாக ஏறித் தோட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் அண்ணன் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“மருமகனே, நீ சொன்ன மாதிரியே கொண்டாந்துட்டேன். வந்து பாரு” என்று பின்கட்டுக்கு இழுத்துப் போனார்.

அங்கே வாழை இலைமேல் ஓர் ஆடு. முழு ஆடு. உரித்து, பெரிய பெரிய துண்டுகளாக வெட்டி அடுக்கியிருந்தது.

முகிலன் சுற்றுமுற்றும் பார்த்தான். “மாமா, கரி எங்க?”

“இந்தாருக்குல்ல. வெள்ளாட்டுக் கறி. காலைலதான் சிலமலைல அறுத்தது.”

“இல்ல மாமா… கரி. பிளாக். எரிக்கிற கரி.”

அண்ணன் கைபேசியை எடுத்து அவனுடைய செய்தியைப் போட்டார். முகிலனின் குரல் மழலையாக வந்தது: “மாமா, நான் வர்றப்போ பத்துக் கிலோ கரி வாங்கி வைங்க. பெரிய துண்டா இருக்கணும். சின்னத் துண்டு வேண்டாம். ஈரமா இருக்கக் கூடாது.”

“இதுல எங்கயாச்சும் அடுப்புக்கரின்னு இருக்கா? நீயே சொல்லு ஆத்தா” என்று அண்ணன் என்னிடம் திரும்பினார். “ஈரமா இருக்கக் கூடாதுன்னான், அது ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. சரி, அங்கிட்டெல்லாம் கழுவாமச் சமைப்பாங்க போலன்னு கழுவாமக் கொண்டாந்திருக்கேன்.”

மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. முகிலனும் சிரித்தான். என் கணவர் மட்டும், “தமிழும் ஒழுங்கா வரல, படிப்பும் வரல” என்றார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன் அதைக் கேட்காததுபோல் கத்தியை எடுத்தார். தோட்டத்தில் வேலை பார்க்கும் வீடுகளுக்கெல்லாம் கறி பங்கு போட்டு அனுப்பினோம். பின்தொடை இரண்டும் ஒரு முன்னங்கால் சப்பையும் எங்களுக்கு. மதினி மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம், கொஞ்சம் ஏலக்காய் வைத்து அரைத்துத் தடவி, குளிர்பெட்டியில் வைத்தார்.

கறி இருந்தது. கரிதான் இல்லை. மேலேயிருந்து போடிக்குத் திரும்பப் போய்வரவும் அன்று ஜீப்பு இல்லை. லோடு ஏற்றப் போயிருந்தது.

5

அண்ணன் எங்களை ஸ்டோருக்கு அழைத்துப் போனார். பறித்த பச்சை ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடத்துக்கு மலையில் அதுதான் பெயர். வெளிச்சுவரில் ஓர் அடுப்பு வாய். அங்கே விறகு எரியும். அந்தச் சூடு பெரிய இரும்புக் குழாய் வழியாக உள்ளே தரையோடு ஓடி, மறுபக்கம் புகையாக வெளியேறும். குழாய்க்கு மேலே தட்டுத் தட்டாகக் காய். உள்ளே நுழைந்ததும் ஈரமான, இனிப்பான, மூக்கை அடைக்கிற வாசனை.

முகிலன் குழாயோடு நடந்தான். குனிந்து பார்த்தான், தொட்டுப் பார்த்தான், கையை எடுத்தான். பிறகு அண்ணனிடம் கேள்விகளை ஆரம்பித்தான். நான் அவனிடம் கேட்டதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

“ஏன் மாமா இவ்வளவு மெதுவா? கூட எரிச்சா சீக்கிரம் முடியும்ல?”

“பச்சை போயிரும்டா. வெளுத்த காய்க்கு யாரு வெல குடுப்பா? கம்மியா எரிச்சா வேர்த்துக் கருத்துரும். நடுவுல நிக்கணும். தீ நிக்காதே, அது கூடும், இல்ல குறையும். அதுனால நாமதான் பக்கத்துல நிக்க வேண்டியிருக்கு.”

“காத்து எங்க கட் பண்றீங்க?”

அண்ணன் குழாய்க் கடைசியில் இருந்த தகட்டைக் காட்டினார். அதைத் திருப்பினால் புகைவழி குறுகும், தீ அடங்கும். முகிலன் முகம் மலர்ந்துவிட்டது. “மேல் மூடி! அதே மேல் மூடிதான்!” என்று என்னைப் பார்த்துக் கத்தினான்.

கரி செய்யலாம் என்ற யோசனை அவனுடையது. அடுப்பு வாயில் விறகு எரிந்து, தணலாகிக் கிடக்கும் கட்டைகளை அப்படியே எடுத்துக் காற்றுப் புகாமல் அடைத்தால் கரிதானே? அண்ணன் யோசித்தார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு பழைய தகர டிரம்மை உருட்டிவந்தார். நீளக் காம்பு போட்ட மண்வெட்டியால் தணலை இழுத்து டிரம்மில் தள்ளினார்கள். மூடி போட்டு, விளிம்பு முழுக்க ஈரமண்ணைப் பூசினார்கள். ஓர் இடத்தில் மண் வெடித்து நூலாகப் புகை வந்தது. முகிலன் விரலால் மண்ணை அப்பினான். இன்னோர் இடத்தில் வந்தது, அண்ணன் அப்பினார். இருவரும் டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

“எப்போ திறக்கலாம்?”

“காலைல. சூடு இருக்கும்போது தெறந்தேன்னா மறுபடி பிடிச்சுக்கும்.”

தம்ளரில் பாலில்லாத கட்டஞ்சாயாவை ஊதிக் குடித்தபடி என் கணவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “மச்சான், நீங்க புத்தி சொல்லுவீங்கன்னு கூட்டியாந்தா, நீங்களும் சேந்து கரி அள்ளுறீக” என்றார்.

“சொல்லுவோம் மாப்ளே. இந்தச் சோலி முடியட்டும்” என்றார் அண்ணன், மண் கையோடு.

6

காலையில் டிரம்மைத் திறந்தபோது முகிலன் ஒரு துண்டை எடுத்துச் சுண்டினான். கண்ணாடிபோல் ‘டிங்’ என்றது. நல்ல கரி அப்படித்தான் சத்தம் கொடுக்கும் என்றான். சில கட்டைகளின் நடுவில் இன்னும் பழுப்பாக மரம் மிச்சமிருந்தது. புகையும் என்று அவற்றை ஒதுக்கினான். தேறியது ஒரு சாக்கில் பாதி.

தீக்கும் இறைச்சிக்கும் நடுவே வைக்கும் கனத் தட்டு அந்த அடுப்போடு வரவில்லை. அதனால்தான் அண்ணனின் கோழி கரிந்திருக்கிறது. அதற்குப் பதிலாக மதினியின் இரும்புத் தோசைக்கல்லை முகிலன் கேட்டான்.

“அது எங்கம்மா குடுத்ததுடா. பதினோரு பேருக்குச் சுட்டாலும் ஒட்டாது.”

“ஒண்ணும் ஆகாது அத்தே” என்று வாங்கிப் போனான். (ஆனது. இன்றைக்கும் அதில் தோசை ஒட்டுகிறதாம்.)

நடுவில் ஒரே இடத்தில் பற்றவைத்தான். மூடினான். வெள்ளைப் புகை வந்து, மெலிந்து, அடங்கியதும் தொடைகளை உள்ளே வைத்தான். எல்லாம் மெல்பர்ன் மாதிரியே போனது, மலைக்காற்று எழும்பும்வரை. பள்ளத்திலிருந்து ஏறிவந்த காற்று நேராக அடிக்கதவுக்குள் புகுந்தது. முள் ஏறத் தொடங்கியது. கதவைச் சுருக்கினான், அப்படியும் ஏறியது. ஒரு பலகையை எடுத்து மறைத்தான். கடைசியில் மேலும் கீழும் கிட்டத்தட்ட முழுசாகச் சாத்திவிட்டு, “இதை யாரும் தொடாதீங்க. நான் வந்து திறக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, பலகைக்கு முட்டுக்கொடுக்கக் கல் எடுக்கப் போனான்.

என் கணவருக்குப் பசி. காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அடுப்பருகில் போய்க் குனிந்து பார்த்தார். புகை இல்லை, சத்தம் இல்லை.

“அணைஞ்சுபோச்சு. இவன் வேலை லட்சணம்” என்றார்.

“திறக்காதீங்க, அவன் வரட்டும்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அடிக்கதவை அகலத் தள்ளி, மூடியையும் ஒரே தூக்காகத் தூக்கிவிட்டார்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. அடுத்த நொடி, உள்ளிருந்து ‘பொஃப்’ என்று ஒரு தீநாக்கு ஆளுயரத்துக்கு எழும்பியது. அவர் கையால் முகத்தை மறைத்தபடி பின்னால் சாய்ந்தார். முடி பொசுங்கும் நாற்றம்.

முகிலன் எங்கிருந்து ஓடிவந்தான் என்று தெரியாது. மூடியைக் காலால் தட்டிச் சாத்தினான். அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பின்கட்டுக் குழாயைத் திறந்து, புறங்கையைத் தண்ணீருக்கடியில் பிடித்தான்.

மலைத் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

“இல்லப்பா. இன்னும் நேரம் ஆகணும். அசையாம வைங்க.”

“போதும்டா, விறைக்குது.”

“விறைக்கட்டும். கண்ணு எரியுதா? என்னைப் பாருங்க. பார்வை தெளிவா இருக்கா?”

கண்ணுக்கு ஒன்றுமில்லை. புருவம் பாதி போயிருந்தது. மீசையில் ஒரு பக்கம் சுருண்டு, தொட்டால் உதிர்ந்தது. கையில் சிவப்பு, ஓர் இடத்தில் மட்டும் கொப்புளம் கிளம்பியது. மதினி தோசைமாவை அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். “அத்தே, எதுவும் தடவாதீங்க. தண்ணி மட்டும்” என்று முகிலன் நிறுத்தினான். அவன் குரலில் அப்படி ஓர் உறுதியை நான் கேட்டதில்லை.

குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டர் நனையாமல் இருக்க முகிலன் அதன் கையைச் சட்டையோடு சேர்த்து முழங்கைவரை ஏற்றிவிட்டிருந்தான். வீட்டில் எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுவான். இப்போதுதான் பார்த்தோம். முன்கையில் உட்பக்கமும் வெளிப்பக்கமும் குறுக்குக் குறுக்காகத் தழும்புகள். சில பழுப்பு, சில இன்னும் இளஞ்சிவப்பு.

என் கணவர் அதையே பார்த்தார். “இதெல்லாம் என்னடா?”

“அடுப்புப்பா. கம்பி படும்.”

“இத்தனையுமா?”

“முதல் வருஷம்தான் நிறைய. இப்போ குறைஞ்சிருச்சு.”

“அம்மாகிட்டக் கூடச் சொல்லலையா?”

“சொன்னா உங்ககிட்ட சொல்லுவாங்க.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மற்றொரு கையால் அந்தத் தழும்புகளில் ஒன்றைத் தொட்டார்.

“இதுக்குத்தான்டா நான் வேணாம்னேன்” என்றார். இதே பேச்சை மெல்பர்னில் எத்தனையோ முறை கத்தியிருக்கிறார். இப்போது கத்தவில்லை. “என் ஒடம்பு போனது போதும். நீயாச்சும் நோகாம இருக்கணும்.”

“தெரியும்பா.”

“தெரிஞ்சுமா?”

“எனக்கு இது பிடிச்சிருக்குப்பா” என்றான். வேறு தமிழ் அவனுக்குக் கிடைக்கவில்லை. அதற்குமேல் தேவையும் இல்லை என்று நினைக்கிறேன்.

அவர் கையைப் பார்த்தார், அடுப்பு இருந்த திசையைப் பார்த்தார்.

“ஆமா… அது அணைஞ்சுதான கிடந்துச்சு? எப்படி அப்படிப் பாஞ்சுச்சு?”

எனக்கு விடை தெரியும். முகிலன் எனக்கு மெல்பர்னிலேயே சொல்லியிருக்கிறான். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு துண்டு எடுக்க உள்ளே போனேன். முகிலன் சொல்வது உள்ளேயும் கேட்டது.

“அணையலப்பா. காத்துக்காகக் காத்திருந்துச்சு. கரி நல்ல சூட்டுல இருக்கு, ஆனா எரியக் காத்து இல்ல. அதுல வர்ற கேஸ் எல்லாம் உள்ளயே நிக்கும். நீங்க ஒரே தடவையா திறந்ததும் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்துல பிடிச்சிருச்சு. முதல்ல ஒரு விரல் அளவு தூக்கணும். கொஞ்சம் மூச்சு விடவிட்டு அப்புறம் திறக்கணும்.”

“ஒரு விரலா?”

“ஒரு விரல். நின்னு. அப்புறம் இன்னொரு விரல்.”

நான் துண்டோடு திரும்பி வந்தபோது, அவர் ஒரு கையைத் தண்ணீருக்கடியில் வைத்தபடியே, மறுகையால் இல்லாத மூடி ஒன்றை ஒரு விரல் அளவு தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார், “இப்படியா?” என்று.

மீசையில் மிச்சமிருந்ததையும் அண்ணனே மழித்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மீசையோடு இருந்த மனிதர். முகிலன் முதன்முதலாக அவர் மேலுதட்டைப் பார்த்தான். அது தன்னுடையதைப் போலவே இருக்கிறது என்று என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னான்.

தொடை, வெயில் சாயும்போதுதான் வெந்து முடிந்தது. வெளியே கருத்து, மொறுமொறுவென்று. உள்ளே எலும்பை இழுத்தால் தனியாக வந்தது. என் கணவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மூன்றாவது தடவை தட்டை நீட்டினார்.

“மருமகனுக்குப் புத்தி சொல்லணும்னீகளே மாப்ளே, இப்பச் சொல்லவா?” என்று கேட்டார் அண்ணன்.

“மொதல்ல சாப்பிடுங்க மச்சான்” என்றார் அவர்.

7

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஆகவில்லை. திரும்பிவந்த பிறகும் ‘படிப்பை முடிச்சிட்டு என்ன வேணாலும் செய்’ என்றுதான் சொன்னார். அவன் கல்லூரிக்குத் திரும்பவில்லை. ஆனால் நேருக்கு நேர் சொன்னார், அவனும் நேருக்கு நேர் மாட்டேன் என்றான். நான் நடுவில் தேவைப்படவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய ஓய்வு என்று இரண்டு பக்கத்துக்கும் தூது போனவர்களுக்குத்தான் தெரியும்.

குளிர்காலம் முடியும்போது முகிலனுக்குத் தாஸ்மேனியாவில், கடலோர ஊரொன்றில் வேலை கிடைத்தது. இங்கே செய்ததைவிடப் பொறுப்பான வேலை. அடுப்பை எடுத்துப்போக முடியவில்லை. கப்பலில் ஏற்றும் செலவுக்கு அங்கேயே புதிது வாங்கலாம் என்றான். வீட்டில் அவன் அறை காலியானது. அவன் பேச்சில் ஒட்டியிருந்த கொஞ்சம் தமிழும் இனி என்னாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிந்து பிற்பகலில் வீட்டுக்கு வந்தேன். கொல்லையில் புகை. என் கணவர் அந்த அடுப்புக்கு முன்னால் மடக்கு நாற்காலி போட்டு, முள்ளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பேசப் போனபோது கையைக் காட்டித் தடுத்தார். மூடியை ஒரு விரல் அளவு தூக்கி, நின்று, இன்னும் ஒரு விரல் தூக்கித் திறந்தார். உள்ளே ஒரு கோழி. மேலே கன்னங்கரேல். காலைத் திருகியபோது உள்ளே இரத்தம்.

மூடியைச் சாத்தினார். பிறகு கைபேசியை எடுத்தார். நான் யாருக்கு என்று கேட்கவில்லை.

“டேய், வேலையா இருக்கியா? … இல்ல, ஒண்ணுமில்ல. இது ஏன்டா வெளிய கருகி உள்ள வேகாம இருக்கு? … கீழ்க்கதவா? ரெண்டு விரல்தான் வச்சேன். … தட்டா? ஆமா, நடுவுல தட்டு வைக்கணும்ல. வைக்கல. … நாலு பக்கமும் பத்தவச்சேன், வெரசாப் பிடிக்கட்டும்னு. … சிரிக்காதடா. ஏன் கூடாது? அதச் சொல்லு.”

நான் உள்ளே போய்ச் சோறு வைத்து, ரசத்தைச் சூடாக்கி, தனியாகச் சாப்பிட்டு, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.